பியூன்னா போர்வீரன்!



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒண்ணு என்னை ரெண்டு நாள் டிக்‌ஷனரியும் கையுமா உட்கார வெச்சிடுச்சு. அனுப்பினவர் டோல்கேட்டைச் சேர்ந்த தோழி. பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். அவரோட சந்தேகம் இதுதான்: "பழைய மெட்ராஸ் பத்தின இங்கிலீஷ் புத்தகம் ஒண்ணு படிச்சிட்டிருக்கேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க சண்டைன்னு வந்தா நூத்துக்கணக்குல பியூன்களை அனுப்பறாங்க. கோட்டை வாசல்ல பியூன், எதிரியை மறிக்கறதுக்கு பியூன்... பியூன்னா ஃபைல் தூக்கறவங்கதானே? கையில டீ கிளாஸோடவா சண்டைக்குப் போனாங்க? இல்ல, பிரின்ட்டிங் மிஸ்டேக்கா?"

அதுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. "பின்குறிப்பு: எங்க அப்பா ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல பியூன். அட்மிஷன் ஃபாரத்துல தந்தையின் தொழில்னு கேட்ட இடத்துல நான் 'பிரைவேட்'னு மட்டும் எழுதினேன்."

கேள்வியைவிடப் பின்குறிப்பு பெருசு. ரெண்டுக்கும் பதில் சொல்லிடுவோம், வாங்க.

முதல்ல கேள்வி. பிரின்ட்டிங் மிஸ்டேக் எல்லாம் இல்லை தோழி. பி-இ-ஓ-என், பியூன் என்றால் அந்தக் காலத்து இங்கிலீஷில் காலாட்படை வீரன். நிஜமாவே சண்டை போடுகிற ஆள். இந்தச் சொல் லண்டனிலிருந்து கப்பலேறி வந்ததும் இல்லை. நம்ம கடற்கரையில் முதலில் இறங்கினது போர்ச்சுகீசியர்கள். அவங்க மொழியில் 'பே' என்றால் கால். காலால் நடந்து போய்ச் சண்டை போடுகிறவன் 'பியாவ்ங்'. ஸ்பானிஷில் 'பெயோன்'. அவங்களுக்குப் பின்னாடி வந்த இங்கிலீஷ்காரர்கள் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கிட்டாங்க. 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்கிற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் இந்தக் கதை இருக்கு. அதைத் தொகுத்த ரெண்டு பேரில் ஒருத்தரான பர்னல், நம்ம தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்.

எல்லாத்துக்கும் மூலம் லத்தீனில் கால் என்பதற்கான சொல். பெடல், பெடஸ்ட்ரியன் ரெண்டும் அதே குடும்பம்தான். சமஸ்கிருதத்து 'பத' கூடத் தூரத்துச் சொந்தம். சமஸ்கிருதத்தில் காலாட்படை வீரனுக்குப் 'பதாதி', நம்ம தமிழில் 'காலாள்'. உலகம் பூரா ஒரே ஐடியா. குதிரை வாங்க வசதியில்லாமல் நடந்து போனவன், காலாலேயே பெயர் வாங்கினான்!

கோட்டை கட்டின புதுசில் கம்பெனியிடம் இருந்த வெள்ளைக்கார சோல்ஜர்கள் ரொம்பக் கொஞ்சம். ஊரைக் காக்கிறது, வழிப்பறி நடக்காமல் பார்க்கிறது, சரக்கு வண்டிக்குக் கூடவே நடக்கிறது எல்லாம் உள்ளூர் ஆட்கள் கையில்தான். அதுக்குத் தலைமை 'பெத்த நாயக்' என்கிற பதவி. அவருக்குக் கீழே தலையாரிகளும் பியூன்களும். பாரிமுனைக்குப் பின்னாடி பெத்தநாயக்கன்பேட்டை இருக்கே, அந்தப் பெயர் இவரால் வந்ததுதான். பியூன் கையில் வாளும் கேடயமும் இருக்கும், ஈட்டி இருக்கும், சிலர் கையில் திரி கொளுத்திச் சுடுகிற துப்பாக்கி. யூனிஃபார்ம் கிடையாது, பரேடு கிடையாது. வேலை இருந்தால் சம்பளம், இல்லேன்னா வீட்டுக்குப் போ!

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து மெட்ராஸைப் பிடிச்சிட்டாங்க. அதே வருஷம் அடையாற்றங்கரையில் நவாபோட பெரிய படையை, டிரில் பழகின ஒரு சின்னப் பிரெஞ்சுப் படை விரட்டி அடிச்சது. அந்தச் சின்னப் படையிலும் பாதிக்கு மேல் நம்ம ஊர் ஆட்கள்தான். இங்கிலீஷ்காரர்களுக்கு அப்போதான் பல்பு எரிஞ்சது. 'ஆள் முக்கியமில்லை, பயிற்சிதான் முக்கியம்!' 1748-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்கிற அதிகாரி வந்து சேர்ந்தார். கலைஞ்சு கிடந்த பியூன் கூட்டத்தைக் கம்பெனி கம்பெனியாகப் பிரிச்சு, லெஃப்ட் ரைட் போட வெச்சு, 1758-ல் பட்டாலியன்களாக மாத்தினாங்க. இன்னிக்கு நீலகிரி வெலிங்டனில் சென்டர் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் தன்னோட பிறந்த வருஷமாகச் சொல்லுவது இந்த 1758-ஐத்தான். 'வீர மதராஸி'ன்னு கத்திக்கிட்டு ஓடுவாங்களே, அவங்கதான். அந்த வருஷ டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகை போட்டபோது தாக்குப்பிடிச்சவங்களில் இந்தப் புதுப் படையும் உண்டு. வெளியிலிருந்து லாலிக்குத் தொல்லை கொடுத்தவங்களில் முக்கியமானவர் யூசுப் கான். கமல் எடுக்க ஆரம்பிச்சு நிறுத்தின படத்தோட நாயகன் மருதநாயகம்னு சொன்னா சட்டுனு புரியும்.

இங்கேதான் நம்ம ஹீரோவுக்கு இறங்குமுகம் ஆரம்பிக்குது. பயிற்சி எடுத்து, சிவப்புக் கோட்டு மாட்டினவனுக்குப் புதுப்பெயர் வெச்சாங்க: சிப்பாய். பாரசீகத்தில் 'சிபாஹ்' என்றால் படை, அதிலிருந்து வந்த 'சிபாஹி'. சண்டையெல்லாம் சிப்பாய் கணக்குக்குப் போயிடுச்சு. பழைய பியூனுக்கு மிச்சம் என்ன? வாசலில் நிற்கிறது, கடிதம் கொண்டுபோறது, துரையோட பல்லக்குக்கு முன்னாடி ஓடுறது. கொஞ்ச காலம் போலீஸ் வேலையும் பியூன்கிட்ட இருந்தது. 1859-ல் மெட்ராஸ் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்ததும் அதையும் கான்ஸ்டபிள் வாங்கிக்கிட்டார். உப்பு இலாகாவில் மட்டும் 'உப்பு பியூன்' இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு அரசாங்கச் சொத்து, அதனால் உப்பளங்களில் திருட்டுப் போகாமல் காவல். வடசென்னைக்காரங்களுக்கு உப்பளம் புதுசா என்ன? எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்னு அந்தப் பக்கம் பூரா உப்புப் பாத்திதானே!

ஒவ்வொரு வேலையாகக் கழண்டுபோய், கடைசியில் பியூனிடம் நின்னது ஃபைலும் காலிங்பெல்லும். கூடவே ஒரு பட்டை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போட்ட டவாலி, அதில் பித்தளை வில்லை. 'டவாலி சேவகன்', 'வில்லைச் சேவகன்'னு தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. போர்வீரன் மார்புல குறுக்கே போடுற பட்டையோட ஜாடை அதில் அப்படியே இருக்கும். ஆயுதத்தை வாங்கி வெச்சுக்கிட்டு, அலங்காரத்தை மட்டும் அவர் மேலேயே விட்டுட்டாங்க.

இது பியூனுக்கு மட்டும் நடந்த விபத்துன்னு நினைக்காதீங்க. கொஞ்சம் நம்ம பேச்சுலேயே தேடிப் பாருங்க, தலை சுத்தும்!

'சிப்பந்தி'. ஹோட்டல் சிப்பந்தி, கடைச் சிப்பந்தின்னு சொல்றோம். இதோட மூலம் 'சிபந்தி' என்கிற பாரசீகச் சொல். வரி வசூலுக்கும் காவலுக்கும் வெச்சிருந்த ஆயுதம் தாங்கின ஆட்கள் அவங்க. இங்கிலீஷ்காரன் வாயில் 'செபண்டி'. 'லஸ்கர்' எடுத்துக்கோங்க. 'லஷ்கர்' என்றால் படை. அது வெள்ளைக்காரன் கப்பலில் வேலை செய்கிற இந்திய மாலுமியோட பெயராச்சு, பீரங்கியை இழுக்கிற ஆளோட பெயராச்சு. இலங்கையில் போர்ச்சுகீசியர் காலத்து உள்ளூர் வீரன் 'லஸ்கரின்'. நம்ம ஊரில் அணை, ஏரி மதகுகளைத் திறந்து மூடுகிற அரசு ஊழியர் லஸ்கர். 'டபேதார்' குதிரைப்படையில் ஒரு ரேங்க். ராணுவத்தில் இன்னிக்கும் உண்டு. ஊரில் டபேதார்னா கலெக்டருக்கும் நீதிபதிக்கும் முன்னாடி வழிவிடச் சொல்லி நடக்கிறவர்.

அட, நம்ம 'சேவகன்' மட்டும் என்னவாம்? சோழர் கல்வெட்டுகளில் குதிரைப்படைக்காரர்களுக்குப் பெயர் 'குதிரைச்சேவகர்'. நரியைப் பரியாக்கின கதையில் சிவபெருமான் எடுத்து வந்த வேஷமும் குதிரைச் சேவகன்தான். சேவகம் என்றால் வீரம்னு தமிழ் அகராதியிலேயே ஒரு பொருள் இருக்கு. சிங்கம்புணரியில் சேவகப் பெருமாள் அய்யனார்னு சாமியே இருக்கார். இன்னிக்கு யாரையாவது 'சேவகன்'னு கூப்பிட்டுப் பாருங்க, மூஞ்சி சுருங்கிடும்.

இப்போ இதுக்கு நேர் எதிரா ஒரு ஆளைக் காட்டறேன். கே-யில் ஆரம்பிக்குமே, நைட். கவசம் மாட்டி, குதிரை ஏறி, ராஜாகிட்ட 'சர்' பட்டம் வாங்கற அந்த நைட். பழைய இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பையன். எடுபிடி வேலை செய்யற பையன்! ஜெர்மன் மொழியில் இதோட கூடப்பிறந்த 'க்னெஹ்ட்' இன்னும் பண்ணையாள் என்கிற பொருளிலேயே நிக்குது. இங்கிலாந்தில் அந்தப் பையன் பிரபுவுக்குக் கூடவே போய், குதிரை ஏறி, நிலம் வாங்கி, பட்டம் வாங்கி, மேலே போயிட்டான். 'மார்ஷல்' கதையும் இதே. ஆதியில் குதிரையைப் பார்த்துக்கிற வேலைக்காரன். இன்னிக்கு ஃபீல்ட் மார்ஷலுக்கு மேலே ராணுவத்தில் பதவியே இல்லை. கான்ஸ்டபிள்? லாயத்துக்குப் பொறுப்பாளி. பிரான்ஸில் ஒரு காலத்தில் படைக்கே தலைவர் ஆகி, அப்புறம் இறங்கி இறங்கி நம்ம தெருமுனைக்கு வந்து நிக்கிறார்.

எடுபிடி வீரனானது ஒரு பக்கம், வீரன் எடுபிடியானது இன்னொரு பக்கம். இதைத் தோண்டினப்போ எனக்கு முதலில் தோணினது குதிரை தியரி: குதிரை ஏறினவன் சொல் ஏறுது, நடந்தவன் சொல் இறங்குது. இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை, என்கிற சொல்லும் 'இன்ஃபன்ட்' குடும்பம்தான். குதிரை கொடுக்காத சின்னப் பசங்க! ஆனா டபேதார் என் தியரியைக் கவுத்துட்டார். அவர் குதிரைக்காரர், இருந்தும் இறங்கிட்டார். குதிரைச் சேவகரும் அப்படித்தான். அப்போ விஷயம் குதிரையில் இல்லை, நாடு யார் கையில் இருந்தது என்பதில் இருக்கு. நைட் தன் ஊரில் ஆளுகிற பக்கம் நின்னான். இங்கே பியூன், சிபந்தி, லஸ்கர், டபேதார் எல்லாரும் இன்னொருத்தன் ஆட்சிக்குச் சண்டை போட்டவங்க. ஊரைப் பிடிக்கிற வரைக்கும் அவங்க வாள் தேவைப்பட்டது. பிடிச்ச பிறகு, எத்தனை பேர் என் வாசலில் நிக்கிறாங்கன்னு துரைமார் கணக்குக் காட்டறதுக்கு மட்டும் தேவைப்பட்டது. துரைமார் போனதும் அந்த நாற்காலியில் நாம உட்கார்ந்தோம். பெல்லை மட்டும் மாத்தவே இல்லை.

சும்மா சொல்லலை. போலீஸில் 'ஆர்டர்லி'ன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுவும் ராணுவச் சொல். அதிகாரியோட உத்தரவைச் சுமந்து போகிற சிப்பாய். அது கடைசியில் அதிகாரி வீட்டுக் காய்கறிப் பையைச் சுமக்கிறதுல வந்து முடிஞ்சது. தமிழ்நாட்டில் 1979-லேயே இந்த முறையை ஒழிச்சு அரசாணை போட்டாச்சு. ஆனாலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, அதை நிஜமாகவே ஒழிங்கன்னு சொல்ல வேண்டியிருந்தது. பயிற்சி எடுத்த ஒரு போலீஸ்காரர் யாரோ வீட்டு நாயைக் குளிப்பாட்டினா, பியூன் என்கிற சொல்லுக்கு 200 வருஷத்தில் நடந்தது அவருக்கு ஒரே டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் நடக்குதுன்னு அர்த்தம்!

இன்னொரு பக்கம் பாருங்க. 2015-ல் உத்தரப்பிரதேசத் தலைமைச் செயலகத்தில் 368 பியூன் வேலைக்கு விண்ணப்பம் கேட்டாங்க. வந்தது 23 லட்சம்! அதில் பிஎச்.டி. முடிச்சவங்க மட்டும் 255 பேர். 'ஒழுங்காப் படிக்கலேன்னா பியூன் வேலைக்குத்தான் போவே'ன்னு வாத்தியார்கள் திட்டுவாங்களே, அவங்களுக்கு இந்தச் செய்தியைக் கட் பண்ணி அனுப்பணும். தமிழ்நாட்டு அரசு ஆபீஸ்களில் பியூன் என்கிற பெயரை எடுத்துட்டு 'அலுவலக உதவியாளர்'னு வெச்சாச்சு. நல்ல விஷயம்தான். பெயர்ப்பலகை மாறின அளவுக்குக் கூப்பிடற தொனி மாறிச்சான்னு எந்த ஆபீஸ் வராண்டாவிலாவது பத்து நிமிஷம் நின்னு கேட்டுப் பாருங்க.

கொஞ்சம் சீரியஸா போயிட்டோம். பியூனோட அண்ணன் தம்பிகளைப் பார்த்துட்டு வருவோம்.

செஸ் போர்டில் முன் வரிசையில் நிக்குதே, பான். நாம சிப்பாய்னு சொல்லுவோம். அதுவும் அதே லத்தீன் காலில் பிறந்ததுதான். பியூனும் பானும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. பின் வரிசையில் குதிரையாக நிக்கிறது நைட். ஆக, ஏறினவனும் இறங்கினவனும் ஒரே போர்டில் முன்னும் பின்னுமா நிக்கிறாங்க! 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். நம்ம சென்னைப் பையன் குகேஷ் 18 வயசில் உலக சாம்பியன் ஆன அந்தக் கடைசி கேம் ஞாபகம் இருக்கா? எதிரே டிங் லிரென். யானை, பிஷப் எல்லாம் வெட்டுப்பட்டு, போர்டில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிச்சம். குகேஷ் கையில் ஒரு சிப்பாய் அதிகம். அவ்வளவுதான், டிங் கை கொடுத்துட்டார். ராணிகளும் யானைகளும் செய்யாததை ஒத்தைக் காலாள் செஞ்சு முடிச்சான்.

அடுத்தவன் பயோனியர். இன்னிக்கு ஸ்டார்ட்-அப்காரங்க ஆளாளுக்குத் தங்களை 'பயோனியர்'னு சொல்லிக்கிறாங்க. முன்னோடி! அந்தச் சொல்லும் காலாள்தான். படைக்கு முன்னாடி மண்வெட்டியும் கோடாலியுமா போய் வழி வெட்டறவன். படைக்கு முன்னாடி போனதால் முன்னோடி ஆனான். 1780-ல் மெட்ராஸில் ரெண்டு கம்பெனி பயோனியர்களைத் திரட்டினாங்க. இன்னிக்கு பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் அந்த வம்சம். ராணுவத்தில் அவங்களுக்குச் செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'! 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்கு வேட்டி கட்டின குதிரையை மாஸ்காட் ஆக்கினாங்களே, அதுக்குப் பெயரும் தம்பி. நைட் என்றால் ஆதியில் பையன்னு சொன்னேன் இல்லையா? அதை யோசிச்சு வெச்சாங்களோ இல்லையோ, பெயர் கச்சிதமாப் பொருந்திடுச்சு.

ஒரு எச்சரிக்கை: அடகுக்கடை போர்டில் 'பான் புரோக்கர்'னு இருக்கே, அந்தப் பான் வேற. எழுத்து ஒண்ணுதான், வம்சம் வேற. அது ஈடு வைக்கிற பொருளைக் குறிக்கிற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. செஸ் சிப்பாயை அடகு வைக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை ஜி.ஆர்.இ. எழுதறவங்களுக்கு. அமெரிக்காவில் இந்த பி-இ-ஓ-என்னை 'பீயன்'னு சொல்லுவாங்க. பாராட்டுப் பாட்டு என்கிற பொருளில் 'பீயன்'னு இன்னொரு சொல் இருக்கு, ஸ்பெல்லிங் மட்டும் வேற. காதால் கேட்டு பதில் எழுதினால் மாட்டுவீங்க. அதைவிட முக்கியம், அங்கே பீயன் என்றால் அலுவலக ஊழியர் என்கிற பொருளே வராது. மெக்சிகோ பக்கம் பண்ணையில் கடனுக்காக அடிமை மாதிரி வேலை செய்த கூலிகளுக்கு அந்தப் பெயர். அந்த முறையை 1867-ல் சட்டம் போட்டு அமெரிக்கா ஒழிச்சது. அதனால் அங்கே அது கிட்டத்தட்ட திட்டு. 'வார்கிராஃப்ட்' விளையாடினவங்களுக்குத் தெரியும், அதில் மரம் வெட்டி, தங்கம் தோண்டற ஆர்க் கூட்டத்து வேலையாளுக்குப் பெயர் பீயன்தான். ஃபாரின் யுனிவர்சிட்டிக்கு அப்பாவைப் பத்தி எழுதும்போது 'பியூன்'னு எழுதினால், பெத்த அப்பாவையே திட்டறானேன்னு நினைச்சுக்குவாங்க. 'ஆபீஸ் அசிஸ்டென்ட்' போதும்.

டோல்கேட் தோழி, இப்போ உங்க பின்குறிப்பு.

ஹார்பர் பக்கம் ஷிப்பிங் ஆபீஸ் பியூன் என்றால் என்ன வேலைன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். டீ வாங்கறது அதில் கால்வாசி கூட இருக்காது. ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸுக்கும் ஹார்பர் கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் பேப்பரோட அலைகிற வேலை. எந்த டாக்குமென்ட் எந்த டேபிளுக்குப் போகணும், எந்த சீல் இல்லேன்னா கேட்டில் திருப்பி அனுப்புவான், எந்த நேரத்தில் போனால் கியூ இருக்காது என்பதெல்லாம் எம்.பி.ஏ. முடிச்சு வந்த மேனேஜருக்கே இவர்தான் சொல்லித்தரணும். எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு அலைச்சல் குறைஞ்சிருக்கலாம், நிக்கலை. கப்பல் சரக்கு வெளியே வர ஒரு நாள் லேட்டானாலும் வாடகை ஏறும். அந்தப் பணத்தை மிச்சம் பண்ற கால் உங்க அப்பாவோடது. சொல்லோட வேரும் கால்தானே!

ஃபாரத்தில் என்ன எழுதணும்னு நான் உத்தரவு போடமாட்டேன். கேக்கிற கட்டம் சின்னது, வகுப்பில் எல்லார் காதிலும் விழற மாதிரி அதைப் படிக்கிற ஆளும் இருப்பாங்க, அந்தக் கூச்சம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு சின்னத் தகவல். 'பிரைவேட்'னு எழுதினீங்க இல்லையா? இங்கிலீஷ்காரன் ராணுவத்தில் அது ஒரு ரேங்க். பதவி எதுவும் இல்லாத சாதாரணச் சிப்பாய்க்கு 'பிரைவேட்'னுதான் பெயர். மறைக்கறதுக்குன்னு நீங்க தேடிப் பிடிச்ச வார்த்தையும் உங்க அப்பாவைக் கொண்டுபோய் அதே காலாட்படையில்தான் நிறுத்தியிருக்கு!

அப்புறம் உங்க ஏரியா பெயரையே எடுத்துக்கோங்க. திருவொற்றியூர் ஹைரோட்டில் சுங்கம் வாங்கின அந்த கேட் போயே போச்சு. பஸ் ஸ்டாப் பெயராக நின்னு, 2021-ல் மெட்ரோ ஸ்டேஷன் பெயராகவும் ஆயிடுச்சு. தினம் ஆயிரக்கணக்கான பேர் 'டோல்கேட் ஒண்ணு'ன்னு டிக்கெட் கேட்கறாங்க, கேட்டை யாரும் தேடறதில்லை. பியூனும் அப்படிப்பட்ட ஒரு டோல்கேட்தான்.

உங்க வீட்டுப் பேச்சிலும் சிப்பந்தி, டபேதார் மாதிரி ரிட்டயர்டான ராணுவச் சொல் ஏதாவது ஒளிஞ்சிருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் உப்புக்கே திரும்பப் போறோம். தானியம் கொட்டி வைக்கிற நம்ம 'கொட்டாரம்', சென்ட்ரல் பக்கத்து ரயில்வே யார்டுல எப்படி 'சால்ட் கோட்டார்ஸ்' ஆச்சுன்னு பார்ப்போம்!